காலி இடம்

பணகுடிக் கல்லறைத் தோட்டத்தில்
ஆடிக்காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்க்கிறது.
"உயரவாரியா நில்லுங்கலே" என்றார்
சுபேதார் சொர்ணப்பன்.
எழுபது தாண்டிய நாலு பேர்,
பழைய வரிசை.
மூன்றாவது ஆளின் இடம் மட்டும் காலி.

கல்லில்:
லான்ஸ் நாயக் சவரிராயன், வயது இருபத்துமூன்று.
மீரானின் பேரனுக்கு அதைவிட ஒன்று கூடுதல்.

பெயர் கூப்பிட்டாயிற்று.
பதிலுக்காக விடும் அந்த ஒரு நிமிஷத்தில்
யார் வீட்டு வெள்ளாடோ
காலி இடத்தில் வந்து நின்று
மலர்வளையத்துக்குக் கழுத்தை நீட்டியது.

விரட்டப்போன மீரானைச்
சொர்ணப்பன் தடுத்தார்:
"விடுலே.
அவன் என்னைக்கு
அட்டென்ஷன்ல ஒழுங்கா நின்னான்?"

சிரித்துவிட்டோம். சிரிப்போடே சல்யூட்.
கலையச் சொல்லியும்
அன்றைய குண்டில் காது போன முப்பிடாதி
கையை இறக்கவில்லை.
ஆடு
செவ்வந்தியை மென்றுகொண்டிருந்தது.