மீதி அரை நாள்

துணைக்கு வா என்றான் அற்புதராஜ்,
நெஞ்சில் ஏதோ குத்துகிறதாம்.
அரை நாள் கூலி போச்சு என்று முனகியபடி
சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.
அவன் வாங்கிவந்த சீட்டில்
என் பெயர் இருந்தது.

"மூன்று வாரமாய் ரயில்வே பாலத்தில்
பாதிப் படியில் நின்று ரயில் பார்க்கிறாய்.
இருபது வருஷமாய்ப் பார்க்காத ரயிலா?"

டாக்டர் பெண் கையில் பட்டை சுற்றிக்
காற்றடித்தாள்.
நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
இந்தியில் கேட்டாள், தூக்கம் வருகிறதா?
தோல் பட்டறையில் ஆள் குறைத்ததைச் சொன்னேன்,
வட்டிக்காரனைச் சொன்னேன்,
மகளின் காலேஜ் ஃபீஸைச் சொன்னேன்.
அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு
மறுபடி, தூக்கம்? என்றாள்.

அப்போதுதான் தொண்டை அடைத்தது.
அற்புதம், சுவரில் கொசு ஒழிப்பு நோட்டீசை
வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கு மராத்தி தெரியாது.

கேட்டுக்கு வெளியே கட்டிங் சாய்.
மாத்திரைக் கவரைச் சட்டைப்பையில் திணித்தபடி
"உன் நெஞ்சு?" என்றேன்.
கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"அதுவும் குத்துறதுதான்."

சாயை அப்படியே வைத்துவிட்டு
அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு
திரும்பவும் நடந்தேன்.
வரிசை வாசல்வரை வந்திருந்தது.
போகட்டும்,
மீதி அரை நாளும்.