ஏழாவது வரி

புந்தா அரேனாசில் காற்று ஆளைச் சாய்க்கும்.
தெருமுனைகளில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருப்பார்கள்.
ஒஸ்வால்தோ அன்று கயிற்றைப் பிடித்துத்தான் வந்தார்,
மடிக்கணினியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு.
"யஸ்னா, என் உப்பைக் காணவில்லை."

நீரிணையின் உப்பளவு.
பன்னிரண்டு இடம், வாரம் ஒருமுறை படகில் போய்
குப்பியில் மொண்டு வந்தது, ஆறு கோடை.
கொன்செப்சியோனிலிருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள்.
களஞ்சியத்தைத் திறந்தேன்.
காற்று இருந்தது. நீரோட்டம் இருந்தது.
யாரோ எண்ணிய சீல்குட்டிகள்கூட இருந்தன.
உப்பு ஒரு சிட்டிகையும் இல்லை.

"ஏற்றினீர்களா?"
"ஒவ்வொரு வெள்ளியும். எல்லாவற்றையும் சேர் என்பேன்,
மிச்சம் ஒன்றுமில்லை என்று அதுவும் சொல்லும்."

அது பொய் சொல்லவில்லை.
பார்க்காதே என்று யாரோ சொன்னதைப்
பார்க்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த விதிகள் எனக்கு அத்துப்படி
என்றுதான் நினைத்திருந்தேன்.
கேள்விக்குறி ஓர் எழுத்தை விழுங்கும், இன்னொன்று கேட்காது.
நட்சத்திரம் எத்தனை எழுத்தும் தின்னும்,
சாய்கோடு வந்தால் மட்டும் நின்றுவிடும்
வேலியோரம் நாய் நிற்பதுபோல.
இரட்டை நட்சத்திரத்துக்கு வேலியே இல்லை.
முதலில் ஒரு சாய்கோடு இட்டால், இந்த வாசல் மட்டும்.
இடாவிட்டால் எந்த ஆழத்திலும், எந்த அறையிலும்
அந்தப் பெயரைத் தேடிப் போகும்.

முதல் திருத்தம் தவறு.
பட்டியலின் அடியில் ஆச்சரியக்குறி போட்டு
ஜனவரிக் கோப்பு ஒன்றை மட்டும் விட்டுவிடு என்றேன்.
பிந்திய விதி முந்தியதை வெல்ல வேண்டும்.
வெல்லவில்லை.
கோப்புறையையே விலக்கிவிட்டால்
அது உள்ளே எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.
உள்ளே இருப்பவனுக்கு நான் எழுதிய மன்னிப்பு
பூட்டிய கதவுக்கு இப்பால் கிடந்தது.

கடைசியில் நேராகவே கேட்டேன்:
எந்த விதி தடுக்கிறது?
ஏழாவது வரி என்றது.
சல், அதன் பின்னே ஒரு நட்சத்திரம்.

எங்கள் ஸ்பானியத்தில் சல் என்றால் உப்பு.
சலீதா என்றால் வெளியேறும் வழி;
நிரல் கக்கும் குப்பையைப் போடும் கோப்புறைக்கும் அதே பெயர்.
குப்பையைத்தான் விலக்க நினைத்திருக்கிறார்கள்.
முழுப்பெயர் எழுதச் சோம்பல்.
சலீதாவோடு சலினிதாதும் போயிற்று.
உப்புக்குப் பெறாத சிக்கனம்.

"யார் இந்தக் கழுதை?" என்றார் ஒஸ்வால்தோ.

வரி வரியாக, எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு.
அதற்குப் பெயரே பழி.
அடித்தேன்.
யஸ்னா குசானொவிச்,
ஏழாண்டுக்கு முந்தைய நவம்பர், இரவு பதினொன்று நாற்பது.
குறிப்பு: "சுத்தம் செய்தேன்."

அவர் திரையைப் படித்தார்.
ஜன்னல் சட்டம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.
"காபி இருக்கிறதா?" என்றார்.

முன்னால் ஒரு சாய்கோடு, பின்னால் ஒன்று,
நடுவில் ஆறெழுத்தும் முழுசாய்.
அவர் கணினியில் சிவப்பாக வந்து நின்றன
எழுநூற்று எண்பது கோப்புகள்,
ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று கேட்காமல்.

ஐந்து கோடை.
முதல் கோடை இல்லை.
அந்தப் பழைய கணினியைத் துடைத்து
மருமகன் எலியேசருக்குக் கொடுத்துவிட்டாராம்,
எல்லாம்தான் களஞ்சியத்தில் இருக்கிறதே என்று.

கொன்செப்சியோனுக்கு அனுப்பும் அட்டவணையில்
அந்த ஆண்டுக்கு எதிரே இன்னும் வெறுங்கட்டம்.
அளக்கவில்லை என்று எழுத முடியாது.
அளந்தார்.
கையுறையைக் கழற்றினால்தான் குப்பியின் மூடி திறக்கும்.