பக்கத்து வீட்டு எண்ணெய்

"அஞ்சு பெருசுங்கக்கா, நாலைக் காட்டிலும்"
என்றான் சாகுல்,
அந்தியூர் ஆயில் கடை மேசையில்
இரண்டு டப்பாக்களைத் தூக்கி வைத்து.
ஒன்றில் ஜிஎல் நாலு, மற்றதில் ஜிஎல் அஞ்சு.
ரெண்டும் எண்பது தொண்ணூறு. ரெண்டும் தேன் நிறம்.
அஞ்சுக்கு விலை அறுபது ரூபாய் கூட.
கூட என்பதால் நல்லதாய்த்தான் இருக்குமென்று
போன தீபாவளிக்கு வாங்கி
ட்ரான்ஸ்பர் கேஸுக்கு மட்டும் ஊற்றியவள் நான்.

நேற்றுப் பொழுது சாய
ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தோம்
நானும் மெக்கானிக் வெள்ளிங்கிரியும்.
ட்ரான்ஸ்பர் கேஸின் பக்க நட்டைத் திருகியதும்
முழங்கை வரைக்கும் வழிந்தது எண்ணெய்.
கியர் பாக்ஸைத் திறந்தால்
சுண்டு விரலை முழுசாய் மடக்கி விட்டும்
ஈரம் தட்டவில்லை.
"இதுல இத்தனை யாரு ஊத்துனது?"
யாரும் ஊற்றவில்லை.
ரெண்டுக்கும் நடுவில் வளையல் போல ஒரு சீல்.
வண்டி எண்பத்தொன்பது மாடல், சீலும் அப்படித்தான்.
அதன் உதடு தேய்ந்து போய்
பர்கூர் மலை ஏறும்போதெல்லாம்
முன் வீட்டு எண்ணெய் பின் வீட்டுக்குப் போயிருக்கிறது.
இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது,
என்னுடைய அஞ்சையும் கூட்டிக்கொண்டு.

பேசினில் வடித்ததை டார்ச் அடித்துப் பார்த்தோம்.
மினுமினுவென்று பொன்தூள்.
சித்தெ நேரம் சந்தோசமாகக்கூட இருந்தது.

"பித்தளைங்கக்கா" என்றான்.
"அஞ்சுல கந்தகம் சாஸ்தி.
இரும்புப் பல்லுக்கு நல்லது, பித்தளைக்கு ஆகாது.
கியர் பாக்ஸுக்குள்ள மோதிரம் மோதிரமா பித்தளை.
இந்தப் பொட்டி எதைக் குடுத்தாலும் செரிச்சுக்கும்.
ஆனா இது குடிக்கிறதைத்தானே
அதும் குடிக்குது?"

எங்கள் பங்காளிக் கிணற்றில்
செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
திங்கட்கிழமை அவன் மோட்டாரில் கிரீஸ் ஒழுகினால்
செவ்வாய் என் வாய்க்காலில்
வானவில் மிதந்து வரும்.
நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து
முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

கடையில் நின்ற டிராக்டர்காரர் பொங்கியண்ணன்
கேட்காமலே சொன்னார்:
"நூத்திநாப்பது ஊத்துங்க அம்மணி,
கெட்டியா நிக்கும், அக்கட்டால போகாது."
கீழ்நாட்டு வெயிலுக்கு அது சரிதான்.
மார்கழி விடியலில் தாமரைக்கரையில்
அந்தக் கெட்டி எண்ணெயோடு லீவரைப் பிடித்து
ரெண்டு கையாலும் தொங்கியிருக்கிறேன் ஒரு வருசம்.
பனி விலகி ஒன்பது மணிக்குத்தான்
மனம் இரங்கியது வண்டி.

நாலையே எடுத்தேன், மூன்று லிட்டர்.
சாகுல் என்னைக் கஞ்சம் என்று நினைத்திருப்பான்.
நினைக்கட்டும்.

சீல் மாற்ற வேண்டும்தான்.
அதற்குக் கேஸை இறக்க ரெண்டு நாள் ஆகும்,
அரிசியோ காலையில் மலை ஏற வேண்டும்.
"ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா
இங்க தேங்குனதை உறிஞ்சி அங்க விடுங்க,
தை நோம்பி கழிஞ்சு பாத்துக்கலாம்"
என்று டேஷ்போர்டில் சாக்பீஸால் தேதி போட்டான்.
எந்தத் தை என்று சொல்லவில்லை.

இன்றைக்குக் கொங்காடை ஏற்றத்தில்
பதினாலு மூட்டை, ஒரு மாவு மிசின் மோட்டார்,
அதைக் கட்டிப் பிடித்தபடி மாதையன்.
கல் பெயர்ந்த வளைவில் நிறுத்தி
சின்ன லீவரைப் பின்னுக்கு இழுத்தேன்.
கடகடவென்ற பழைய சத்தம் வரவில்லை.
பொத்தென்று விழுந்தது பல்.
நாலு சக்கரமும் ஒட்டுக்கா மண்ணைக் கடித்தன.
"என்னக்கா, வண்டி கம்முனு இருக்குது,
நின்னு போச்சா?" என்றான் மாதையன்.

மேலே ரேசன் கடையில்
என் பங்கு அரிசிக்கு விரல் வைத்தேன்.
மறுபடி வைக்கச் சொன்னது மிசின்.
துடைத்து வைத்தேன். மறுபடி.
ரேகைக்குள் இன்னும் இருந்தது
நேற்றைய பித்தளை.
கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்:
"பாப்பாத்திங்களா?"
ஆமாங்க என்றேன்.
இடக்கை விரலைக் கேட்டார்.