முகமதிப்பு ஒரு லட்சம்

பத்திரங்கள் அச்சாகி வந்த வாரம்
டுலூத் துறையில் ஏரி உறையத் தொடங்கியிருந்தது.
இழுவைப்படகுக்குப் புது எஞ்சின்,
அதற்கு ஒரு லட்சம் டாலர், ஐந்து வருடம்.
எட்டு வட்டி என்று அச்சடித்திருந்தோம்.
சந்தை பத்து கேட்டது.
ஆகவே லட்சம் தருவதாக எழுதிக்கொடுத்து
தொண்ணூற்றிரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு
வாங்கி வந்தோம்.

முதல் டிசம்பர். முதலாளி புரோஹாஸ்கா
கையுறையைக் கழற்றாமலே பேரேட்டைத் தொட்டார்:
"நான் கையெழுத்திட்ட காசோலை எட்டாயிரம்.
நீ எழுதிய வட்டிச் செலவு
ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு.
நடுவில் உள்ளது யார் பாக்கெட்டுக்குப் போனது, ஐலா?"

யார் பாக்கெட்டுக்கும் இல்லை.
கொடுக்காத வட்டி
கடனோடு போய் உட்கார்ந்துகொண்டது.
கடன் இப்போது தொண்ணூற்று மூவாயிரத்து அறுநூற்று அறுபது.
அடுத்த வருடம் அதற்கும் பத்து.
குட்டியும் குட்டி போடும்.

"சரி" என்றார், சரியில்லை என்கிற குரலில்.

இரண்டாம் டிசம்பரிலும் கேட்டார். மூன்றாவதிலும்.
அதே காசோலை, கூடிக்கொண்டே போகும் செலவு.
தள்ளுபடி என்றால் தள்ளிவிட்டதில்லை,
படிப்படியாகத் திரும்ப ஏறுவது.
பச்சைப் பென்சிலால் ஏறிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் சொல்லாதது ஒன்று:
நூறு பத்திரங்களில் ஒன்று
என் தையல் பெட்டியில் இருந்தது.
விவாகரத்தில் என் பங்குக்கு வந்த பியானோவை
விற்று வாங்கியது.
பகலில் செலவென்று எழுதியதை
இரவில் சமையலறைக் காலண்டரின் பின்புறம்
வரவென்று எழுதினேன்.
கைக்கு வந்தது எண்பது டாலர்.
வராத பன்னிரண்டு டாலர் நாற்பத்திரண்டு சென்ட்டும்
என்னுடையதுதான் என்று,
சுவரில் பியானோ விட்டுப்போன வெளிறிய சதுரத்தைப் பார்த்தபடி.

நாலாம் டிசம்பரில் பனி படகைப் பிடித்துவைத்தது,
இருபத்தோரு நாள். சம்பளம் தள்ளிப்போனது.
அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.
படகு நகர்கிறதா என்று பேரேடும் கேட்பதில்லை.
ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்து மூன்று, எழுதினேன்.
வீட்டில் காலண்டரைத் திருப்பவில்லை.

ஐந்தாவது.
கடைசிப் பதினெட்டு நூறும் பதினெட்டும் ஏறி
பேரேடு லட்சத்தைத் தொட்டது.
பத்திரத்தில் அச்சான எண்ணும் நான் எழுதிய எண்ணும்
முதல்முறை ஒன்றாக நின்றன.
பணம் திருப்ப வேண்டியவர் பட்டியலை
விரலோட்டிப் படித்துக்கொண்டே வந்தவர்
அறுபத்தேழாம் பெயரில் நின்றார்.
ஐலா நிஸ்கனென்.

கையுறையைக் கழற்றினார்.
"எங்கள்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, என்றேன்.
மீதி வருடா வருடம் வந்தது.