உப்பு நிறுத்தவர்

கார்ன்வாலில், கடலைப் பார்த்து நிற்கும் இந்தத் தேவாலயத்தில்
புல் வெட்டுவது என் வேலை.
மெழுகு சுரண்டுவது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.
ஆனாலும் அக்டோபர் முழுக்கச் சுரண்டுகிறேன்,
பெட்ரக் கர்னோவின் கல்லில்.

துறைமுகத்தில் உப்பு நிறுத்தவர்.
கல்யாணம் இல்லை. பேர் சொல்லப் பிள்ளை இல்லை.
மீன்காரர்கள் காசு போட்டு நட்ட கல்லில்
ஒரே வரி:
'எடை குறைய அளந்ததில்லை.'

எழுபது வருஷம் கழித்துச்
சளியோடு வந்தான் ஒரு நாவலாசிரியன்.
மூன்று வாரமும் மழை.
லவ்டே பாஸ்கோ துணி வெளுத்த ரசீது
இன்னும் நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது:
சட்டை இரண்டு, போர்வை ஒன்று,
கைக்குட்டை பத்தொன்பது.
பின்பக்கம், பென்சிலில், இந்தக் கல்லின் பெயர்.
அதன் கீழே: 'எதை?'

அந்த ஒரு சொல்லுக்கு நானூறு பக்கம்.
தூங்குகிறவர் மார்பருகே
பித்தளைத் தராசோடு குனிகிறவன்,
வேண்டியதை எடுத்துக்கொண்டு
ஜன்னலை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போகிறவன்.
உப்பை நிறுத்த கை
மூச்சை நிறுத்தும் கை ஆயிற்று.

லவ்டேக்குக் கூலி வரவில்லை.
புத்தகம் வந்தது, கையெழுத்தோடு.
ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு
அதை முட்டுக் கொடுத்தாள்.

அவனோ கடல் தாண்டினான்.
மேடையேறினான், திரையேறினான்,
சாக்லேட் உறையில் பல்லிளித்தான்.
லிஸ்பனில் ஒரு சிறுமி
தலையணைக்கடியில் நாணயம் வைத்துத் தூங்குகிறாளாம்,
எடை கூட்டிக் காட்ட.
யார் சொன்னது? அம்மா.
அம்மா படித்தாளா? இல்லை.

நானும் படித்ததில்லை.
ஆனால் என் மகனைத் தராசில் கிடத்திய நர்ஸ்
'கொஞ்சம் குறைவு' என்றபோது
நான் பார்த்தது ஜன்னலை.

நூற்றுமுப்பது வருஷமாக இந்த ஊரில்
எந்தக் குழந்தைக்கும் பெட்ரக் என்று வைத்ததில்லை.
அவர் பேர் சொல்ல
காகிதத்தில் பிறந்த அந்த ஒரு பிள்ளைதான்.

போன செவ்வாய், மெழுகுக்கு நடுவே
துணியில் முடிந்த உப்பு.
சீட்டில் 'ஒரு பவுண்டு'. வைத்தவர் பெயர் இல்லை.
மீன்கடை டிக்கரியிடம் எடுத்துப்போனேன்.
முள் ஆடியது. நின்றது.
சரியாக இருந்தது.

இரவு மழை என்றார்கள்.
இருந்தும் முடிச்சை மறுபடி கட்டி
அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.