உதடு படிக்கிறவள்

பீடோர். பெரட்டுக் களத்தில் வேட்டி கட்டிப் படம்.
ருஷ்யாவில் எடுத்ததாம், பெரிய நாடகமாம்,
பேச்சில்லை.
நண்டு ஊர்ந்த தடமாய் எழுத்து வரும்போதெல்லாம்
கிராணி அருளப்பு எழுந்து வாசித்தார்:
"என்னை மன்னித்துவிடுங்கள், பிரபுவே!"

பனி கொட்டியது.
இலவங்காய் வெடிச்சிருச்சு என்றான் ஒருத்தன்.

சீமாட்டி கடிதத்தைக் கிழித்தாள், வாயசைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் கேக்கல"
பின்வரிசையில் அமராவதி.
ஷீட்டு உருட்டும் மிஷின் இரைச்சலில்
பதினோரு வருஷம்
உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள்.

"பின்னே என்னதான் சொல்றா?"

கார்பைட் விளக்கு ஒருமுறை இருமியது.

"எனக்கென்ன அவ பாஷையா தெரியும்?
ஆனா மன்னிப்புக் கேக்குற வாய்
இவ்வளவு அகலமாத் தொறக்காது.
நாம கேட்டதில்லையா, ஆபீஸ் வாசல்ல?"

அடுத்த எழுத்து வந்தது.
கிராணி எழவில்லை.