பதினெட்டு நிமிடம்

இரவெல்லாம் சரக்கு விமானங்களின் வயிற்றில்
பெட்டி அடுக்கிவிட்டு வந்த கை இன்னும் கனக்கிறது.
காலுக்கு அது தெரியாது.
காம்ப்பெல் ஓடைக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினால்
அவிழ்த்துவிட்ட நாய்போலக் கிளம்பிவிடும்.

ஆங்கரேஜில் செப்டம்பர்.
பிர்ச் இலைகள் ஒரு வாரம் மஞ்சளாய் இருக்கும், அவ்வளவுதான்.
அடுத்த காற்றுக்குப் பாதையெல்லாம் வழுக்கும்.
முதல் கிலோமீட்டர் எப்போதும் பொய்:
முடியாது, முடியாது என்று உடம்பு சத்தியம் செய்யும்,
நம்புவதுபோல் தலையாட்டிக்கொண்டே ஓடுவேன்.

நெடுஞ்சாலைப் பாலத்தடியில் டெல்மர்.
நீலத் தார்ப்பாய், இரண்டு சைக்கிள் சக்கரம், ஒரு கெட்டில்.
தலைக்கு மேலே லாரிகள் தடதடக்க
எங்களை எண்ணுவது அவர் வேலை,
யாரும் கொடுக்காத வேலை.
"மஞ்சள் ஷூ! இன்றைக்கு ஒன்பதாவது ஆள் நீ.
நேற்றைவிட மெதுவு!"

பாலம் தாண்டினால் நகரம் வாயை மூடிக்கொள்ளும்.
வேலிக்குப் பின்னால் யார் வீட்டிலோ
துணி உலர்த்தும் எந்திரத்தின் சோப்பு வாசம்,
அதன்மேல் மீன் அழுகும் வாசம்.
கடலிலிருந்து,
பழைய டயரையும் கவிழ்ந்த தள்ளுவண்டியையும் கடந்து
ஏறிவந்த சால்மன்கள்
கூழாங்கல் மேட்டில் வாய் பிளந்து கிடக்கின்றன.
இன்னும் சாகாத ஒன்று
முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய,
துடுப்பெல்லாம் நைந்து,
ஓட்டத்துக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறது.
நின்றுகொண்டிருக்கிறது என்றால்
நீந்திக்கொண்டிருக்கிறது.

மரப்பாலத்துக்கு முந்தைய வளைவில்
பாதையைக் காணோம்.
பாதை இருந்த இடத்தில் ஒரு மூஸ்.
குதிரையைவிட உயரம், ஈரச் சாக்கு நிறம்.
அதன் காலடியில் குட்டி, வில்லோக் கொப்பை உருவியபடி.

தாயின் காதுகள் பின்னுக்கு மடிந்தன.
இந்த ஊரில் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்
காது மடிந்தால் என்ன அர்த்தமென்று.
ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை
எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.
கைக்கடிகாரம் மட்டும் விடாமல் அதிர்ந்தது:
வேகம் குறைகிறது. வேகம் குறைகிறது.

பின்னால் சரளை அரைபடும் சத்தம்.
திரும்பாமல் கையை உயர்த்தினேன்.
புரிந்துகொண்டு ஓசையின்றி வந்து ஒண்டினாள்.
ஒரே மரம்,
இரண்டு பேருக்குப் போதாத தடிமன்.

மூன்று வருடமாக எதிரெதிரே ஓடி
ஒரு விரல் தூக்கிக் கடந்தவள்.
கறுப்புத் தொப்பி என்றே மனசுக்குள் குறித்திருந்தேன்.
"ஒலிங்கா," என்றாள், உதடு அசையாமல்.
குஸ்கோக்விம் ஆற்றுக்காரியாம்.
இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளாம்.
அடுத்த மாதம் முழங்காலில் கத்தி வைக்கிறார்கள்,
அதனால்தான் இன்று திசை மாற்றினாளாம்,
இந்தப் பக்கம் இறக்கம் குறைவு.
"ஊரில் இதைப் பார்த்தால்,"
மூஸின் பக்கம் முகவாயை நீட்டினாள்,
"பனிக்காலச் சாப்பாடு என்போம்.
இப்போது பார்,
அது நம்மை நிறுத்தி வைத்திருக்கிறது."
சிரிப்பை விழுங்கியதில்
மரம் கொஞ்சம் குலுங்கியது.
காதுகள் மறுபடி மடிந்தன.

வியர்வை ஆறி முதுகில் குளிர் ஏறியது.
அவள் தோள் பட்ட இடம் மட்டும் சூடு.
குட்டி சாவகாசமாக மென்றது.
அவசரம் என்ற சொல்லை
அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லைபோல.

பிறகு, ஒன்றும் நடக்காததுபோல்
இரண்டும் ஓடையில் இறங்கின.
நான்கு காலும் நான்கு காலும்
அந்த ஒற்றைச் சால்மனைத் தாண்டி
அக்கரையில் ஏறி,
பல் மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம் வழியாகப் போயின.

"நீ போ," என்றாள் ஒலிங்கா. "நீ வேகம்."
கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
அவள் முழங்கால் சம்மதித்த வேகத்தில்
வந்த வழியே திரும்பினோம்.

டெல்மர் கெட்டிலோடு எழுந்து நின்றார்.
"ஒன்பதையும் பத்தையும் ஏற்கெனவே எண்ணியாச்சு!
திரும்பி வருவதெல்லாம் கணக்கில் சேராது."
"மூஸ்," என்றாள் அவள், மூச்சுவாங்க.
"அதையும் சேர்க்கவா?"

"சேருங்கள்," என்றேன்.
"குட்டியைத் தனியாக."